பதினொரு முறை திறந்த கடிதம்

என்னிடம் வருகிறவர்கள் எல்லாரும் ஒரே வாக்கியத்தோடுதான் வருவார்கள். "நான் ஒண்ணுமே பண்ணல, அதுவா பூட்டிக்கிச்சு." எதுவும் அதுவாகப் பூட்டிக்கொள்ளாது. வீட்டுக் கதவானாலும் சரி, வெப்சைட்டானாலும் சரி, யாரோ ஒரு மகராசன் கை வைத்திருப்பான். பதினாறு வருஷமாக அடுத்தவர்களுடைய வெப்சைட்டுகளைப் பழுது பார்க்கிறேன். முதலியார்பேட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே மாடி அறைதான் என் ஆபீஸ். ஸ்டெல்லாமேரி என்றால் வேலை சுத்தம், வாய் மோசம் என்று ஊரில் பேர். இரண்டும் உண்மைதான், மறுக்கப் போவதில்லை.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் கூப்பிட்டவர் கிருஷ்ணசாமி. பிரெஞ்சு வாத்தியாராக இருந்து ரிட்டையர் ஆனவர். எழுபது தாண்டியும் சட்டை கசங்காமல் வருவார். ஊரே அவரை, ஐயா என்பதற்குப் பிரெஞ்சில் சொல்கிற மாதிரி, முசியே என்றுதான் கூப்பிடும், நானும் அப்படித்தான்.

"மேரி, உள்ள போக மாட்டேங்குதும்மா. பன்னெண்டு நாளா போராடுறேன்."

"பன்னெண்டு நாளாவா? இன்னிக்குத்தான் என் நம்பர் கிடைச்சுதா உங்களுக்கு?"

"நானே சரி பண்ணிடலாம்னு பார்த்தேன்."

"பண்ணிட்டீங்களா?"

அசடு வழிந்துகொண்டே விஷயத்தைச் சொன்னார். 'அனுமதி கொடு' என்ற பொத்தானை அந்தப் பன்னிரண்டு நாளும் விடாமல் அமுக்கியிருக்கிறார் மனுஷர். லிப்ட் வரவில்லை என்று பட்டனைக் குத்துவார்களே, அந்த மாதிரி.

அவருடைய வெப்சைட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பேர் 'தேடல்'. நாற்பது வருஷத்துக்கு முன்னால் இந்தப் பக்கத்தில் பிறந்த சில குழந்தைகள் காப்பகம் வழியாகப் பிரான்சுக்குத் தத்துப் போயிருக்கின்றன. அந்தக் குழந்தைகள் இப்போது தலை நரைக்கிற வயதில் பெற்றவளைத் தேடிக்கொண்டு வருகிறார்கள். பெற்றவளோ இங்கே புருஷன், பிள்ளை, பேரன் என்று ஒரு குடும்பத்துக்குள் இருப்பாள். அந்தக் குடும்பத்துக்கு இவளுடைய பழைய கதை தெரியாது. அதனால் முசியே ஒரு வழி கண்டுபிடித்தார். பெற்றவள் அவரிடம் வந்து ஒரு கடிதம் சொல்லுவாள். அவர் அதை டைப் அடித்து, கீழே பிரெஞ்சிலும் எழுதிப் பூட்டி வைப்பார். பிறந்த தேதி, காப்பகத்து ரிஜிஸ்டர் நம்பர், உடம்பில் ஒரு அடையாளம், இந்த மூன்றும் ஒத்துப்போகிற ஒரே ஒரு உறுப்பினருக்குத்தான் அந்தப் பூட்டு திறக்கும். எனக்குக்கூடத் திறக்கக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம்.

பூட்டைச் செய்தவள் நான். கடிதத்தை யாரும் காப்பி எடுக்க முடியாது. ஐந்து நிமிஷத்தில் பக்கம் மூடிக்கொள்ளும், மறுபடி படிக்க வேண்டுமானால் மறுபடி திறக்க வேண்டும். திறந்தவுடன் பெற்றவளின் போனுக்கு ஒரு மெசேஜ் போகும். அது முசியே கேட்டது. "கடுதாசி போட்டவளுக்கு அது போய்ச் சேர்ந்துச்சான்னு தெரிய வேணாமா?" என்றார். ஒரே மத்தியானத்தில் செய்து கொடுத்துவிட்டு மார்தட்டிக்கொண்டேன். மூன்று வருஷத்தில் இருபத்தாறு கடிதங்கள் உள்ளே போயின. ஒன்றுகூடத் திறக்கப்படவில்லை. பொருந்துகிற ஆளே வரவில்லை.

இப்போதுதான் முதல் ஆள் வந்திருந்தாள். எலோடி. லியோன் நகரத்தில் பல் டாக்டர். வயது நாற்பத்தொன்று. மூன்று அடையாளமும் ஒத்துப்போய், முசியே அனுமதியும் கொடுத்து, ஆசையோடு ஊருக்கே வந்துவிட்டாள். வந்தால், பக்கம் "உங்களுக்கு அனுமதி இல்லை" என்கிறது. பன்னிரண்டு நாளும் அதையே சொன்னது. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் அவள் சென்னைக்குக் கிளம்ப வேண்டும்.

பதினோரு மணிக்கு வாடகை ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். அரியாங்குப்பத்துப் பெண் ஒருத்தி காட்டன் சட்டை போட்டுக்கொண்டு பிரெஞ்சு பேசினால் எப்படி இருக்கும், அப்படி இருந்தாள். நம் கறுப்பு, நம் நெற்றி, நம் நடை. வாயைத் திறந்தால் மட்டும் ஒரு வார்த்தை நம்முடையது இல்லை. என் பள்ளிக்கூடத்துப் பிரெஞ்சைத் தூசி தட்டி எடுத்தேன். தப்பும் தவறுமாகப் பேசினேன். அவள் சிரிக்கவில்லை, அதற்கே அவளைப் பிடித்துவிட்டது.

கோளாறைக் கண்டுபிடிக்க இருபது நிமிஷம்கூட ஆகவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே மெயில் முகவரியில் அவள் சும்மா பார்வையாளராகப் பதிவு செய்திருக்கிறாள். போன மாதம் முசியே அதன்மேலேயே உறுப்பினர் அனுமதியும் கொடுத்திருக்கிறார். ஆக ஒரே ஆளுக்கு இரண்டு அட்டை. ஒன்று உள்ளே விடு என்கிறது, இன்னொன்று விடாதே என்கிறது. இப்படிச் சண்டை வந்தால் பூட்டுதான் ஜெயிக்க வேண்டும் என்று விதி எழுதி வைத்தவளும் நான்தான். பழைய அட்டையைக் கிழித்தேன். சர்வர் சேமித்து வைத்திருந்த பழைய 'அனுமதி இல்லை' பக்கத்தையும் துடைத்தேன்.

"இப்போது திறந்து பாருங்கள், மதாம்."

அவள் திறக்கவில்லை. லேப்டாப்பை மூடி மார்போடு அணைத்துக்கொண்டாள். அறைக்குப் போய்த் தனியாகப் படிக்கிறேன் என்றாள். படியிறங்கும்போது இரண்டு முறை மெர்சி என்று நன்றி சொன்னாள். கண் கலங்கியிருந்தது. எனக்கும் மனசு நிறைந்திருந்தது, பொய் சொல்வானேன். அன்றைக்கு மத்தியானம் ஒரு பிளேட் பிரியாணி கூடுதலாகவே சாப்பிட்டேன்.

சாயங்காலம் அவளிடமிருந்து மெசேஜ் வந்தது. படித்துவிட்டாளாம். அம்மா தன்னைப் பார்க்க வேண்டாம் என்று அதில் எழுதியிருக்கிறாளாம். "அவளை இன்னும் ஒரே ஒரு முறை கேட்க முடியுமா?" என்று கேட்டிருந்தாள். நான் முசியேவுக்கு அனுப்பி வைத்தேன். அந்த அம்மாள் மாதத்தில் முதல் திங்கட்கிழமைதான் அவரிடம் வந்து விசாரிப்பாளாம், அதுவரை தொடர்புகொள்ளக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறாளாம். முசியே கையைப் பிசைந்தார். என் வேலை முடிந்தது என்று நான் விளக்கை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

சனிக்கிழமை ஒன்பதரை மணிக்கு ஆபீஸைத் திறக்கும்போது, மாடிப் படியில் ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தாள். அறுபது வயது இருக்கும். சாயம் போன நைலக்ஸ் புடவை, கையில் மஞ்சள் பை. நெற்றியைப் பார்த்தவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது. யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"ஸ்டெல்லான்றது நீதானாம்மா? முசியே அனுப்புனாரு. மெசேஜ நிறுத்தறது நீதான்னு சொன்னாரு."

"உள்ள வாங்கம்மா. உங்க பேரு?"

"சின்னப்பாப்பா. அரியாங்குப்பம்."

நாற்காலியில் உட்காரச் சொன்னேன். விளிம்பில் உட்கார்ந்தாள். தண்ணீர் கொடுத்தேன், கையில் வைத்துக்கொண்டாளே தவிரக் குடிக்கவில்லை.

"எம்புள்ள போனுக்கு வந்துக்குதும்மா. நேத்து நாலு மணியிலேர்ந்து ஒண்ணு மாத்தி ஒண்ணு. 'உங்கள் மகள் உங்கள் கடிதத்தைப் படித்தார்.' அதையே திருப்பித் திருப்பி."

"உங்க பையன் போனுக்கா? உங்க நம்பருக்குத்தானே போகணும்?"

"எனக்கு எங்கம்மா போனு? முசியேகிட்ட நான் நம்பரே வேணாம்னுதான் சொன்னேன். நானே வந்து கேட்டுக்கறேன்னேன். அவரு அமுக்கி அமுக்கிப் பார்த்தாரு, மெசின் ஒத்துக்கல. யாருக்கோ போன் போட்டுக் கேட்டாரு. ஏதாச்சும் ஒரு நம்பரு போட்டாத்தான் உள்ள போவும்னுட்டாங்களாம். எனக்கு மனசுல இருக்கறது எம்புள்ள நம்பரு ஒண்ணுதான். கேஸுக்கும் அதான், ரேஷனுக்கும் அதான், பேங்குக்கும் அதான். அதச் சொல்லிட்டேன்."

அந்த யாரோ நான்தான். நன்றாக ஞாபகம் வந்துவிட்டது. ஏதோ ஒரு ஓட்டல்காரனுடைய சைட் படுத்துக்கொண்ட நாள் அது. முசியே கூப்பிட்டு, "நம்பர் இல்லாம போக மாட்டேங்குதும்மா, இந்த அம்மாவுக்கு வேணாமாம்" என்றார். நான் கேட்டேனா ஏன் வேண்டாம் என்று? "செல் நம்பர் கட்டாயம் முசியே, நட்சத்திரம் போட்டிருக்கேன்ல? ஏதாவது ஒண்ணைப் போட்டு அமுக்குங்க, என் உயிரை வாங்காதீங்க" என்று கத்திவிட்டுப் போனை வைத்தேன். கட்டாயம் என்று காட்டுகிற அந்த நட்சத்திரக் குறியை எடுப்பது ஒரு வினாடி வேலை. மாதாவே, ஒரு வினாடி வேலை!

அதை அந்த அம்மாளிடம் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. "அந்த ஆளு நான்தாம்மா. என் தப்புதான். மன்னிச்சிடுங்க."

அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "வுடு. அத இப்பப் பேசி இன்னா ஆவப்போவுது" என்றாள்.

பிறகு நடந்ததைச் சொன்னாள். மகன் எழிலரசன் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்க்கிறான். அவனுக்கு இரண்டும் ஆண் பிள்ளைகள். முதல் மெசேஜ் வந்தபோது ஏதோ ஏமாற்று வேலை என்று அழித்திருக்கிறான். நாலு, ஐந்து என்று வரவும், அதிலிருந்த பேரைப் பிடித்து வெப்சைட்டைப் பார்த்திருக்கிறான். பிள்ளையைக் கொடுத்துவிட்டவர்கள் கடிதம் எழுதுகிற இடம் என்று தெரிந்திருக்கிறது. அந்த சிம் அவனுடைய அப்பா ஆதிமூலத்தின் பேரில் வாங்கியது. அவ்வளவுதான், பயல் கணக்குப் போட்டு முடித்துவிட்டான். அப்பாவுக்கு வேறு எங்கேயோ ஒரு பெண் இருக்கிறாள், ஒரு பிள்ளையும் பிறந்திருக்கிறது!

"அம்மாமேல அவனுக்குச் சந்தேகமே வரலையா?" என்று கேட்டேன்.

"எம்மேல எப்படிம்மா வரும்? நான் அம்மாவாச்சே."

கேட்டீர்களா நியாயத்தை!

விளக்கு வைத்த நேரத்தில் வேலையிலிருந்து வந்தவன், சட்டையைக்கூடக் கழற்றாமல் அப்பாவைப் பிடித்துக்கொண்டிருக்கிறான். ஆதிமூலம் மில் மூடிய பிறகு ஒரு கல்யாண மண்டபத்தில் வாட்ச்மேனாக இருக்கிறவர். அதிர்ந்து பேசாத மனுஷர். "யாருய்யா அவ? எத்தினி வருஷமா நடக்குது?" என்று மகன் கேட்கக் கேட்க, அவர் போனை வாங்கி ஒவ்வொரு மெசேஜாகப் படித்தாராம். தலையை நிமிர்த்தவே இல்லையாம். அப்புறம் மகனும் அவரும் தெருப் பக்கம் போனார்களாம். திரும்பி வந்து சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாராம்.

"நான் அடுப்பாண்டதான் நின்னேன். கையில கரண்டி. வாயத் தொறந்தா ஒரு வார்த்த. தொறக்கல. முப்பத்தெட்டு வருஷம் என்னை ஒரு அடி அடிச்சதில்ல அந்த மனுசன். அவரத் திட்டறத கேட்டுக்கிட்டே நின்னேன் நானு." தன் வாயிலேயே ஒரு அடி அடித்துக்கொண்டாள்.

"சரி, இப்ப நான் என்ன பண்ணணும், சொல்லுங்க."

"தப்பா வந்துட்டுதுன்னு ஒரு மெசேஜ் அனுப்ப முடியுமா? வேற யாருக்கோ போவ வேண்டியது இங்க வந்துட்டுதுன்னு. உன்ன கையெடுத்துக் கும்பிடறேன்."

முடியும். பொய்தான். ஆனால் நான் அன்றைக்குப் பொய்யும் சத்தியமும் பார்க்கிற நிலையில் இல்லை. இந்த அம்மாளின் வீட்டில் நான் வைத்த நெருப்பை நான்தான் அணைக்க வேண்டும். உட்கார்ந்து அடித்தேன். 'தேடல்: தொழில்நுட்பக் கோளாறு காரணமாக வேறொருவருக்கு உரிய செய்திகள் உங்கள் எண்ணுக்கு வந்துவிட்டன. வருந்துகிறோம்.' அவளுக்குப் படித்துக் காட்டிவிட்டு அனுப்பினேன். பதிவிலிருந்து மகனுடைய நம்பரை எடுத்தேன். அந்தப் பாழாய்ப்போன நட்சத்திரத்தையும் எடுத்தேன்.

சின்னப்பாப்பா அப்போதுதான் தண்ணீரைக் குடித்தாள். குடித்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்.

"அது எத்தினி வாட்டி வந்துச்சு, உனக்குத் தெரியுமா?"

பார்த்துச் சொன்னேன். "பதினொண்ணு. கடுதாசியத் தொறக்கறப்பல்லாம் ஒரு மெசேஜ் போயிருக்கும்மா. அஞ்சு நிமிஷத்துல மூடிக்கும், அதனால திரும்பத் திரும்பத் தொறந்திருக்கு."

"பதினோரு வாட்டியா படிச்சுது?"

"ஆமா. நாலு மணியிலேர்ந்து ஏழு மணி வரைக்கும்."

"நான் சொன்னது அரப் பக்கம்கூட வராதே. முசியே கேட்டாரு, இன்னும் ஏதாச்சும் சொல்றியான்னு. எனக்கு ஒண்ணும் வரல." அவள் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க வழிந்தது. "தெரிஞ்சிருந்தா இன்னும் ரெண்டு வார்த்த சேத்துச் சொல்லியிருப்பேன்."

முசியே இவளிடம் ஒன்றும் சொல்லவில்லை போலிருக்கிறது. நான் என்னைத் திட்டிக்கொண்டே சொல்லிவிட்டேன். "அது ஊர்லதாம்மா இருக்கு. நாளைக்கு விடியக்காத்தால கிளம்புது. உங்கள ஒரு தடவ பார்க்கணும்னு கேக்குது."

"வேணாம்." யோசிக்காமல் வந்தது. "பார்த்தா வுட மாட்டேன். வேணாம்."

"சரி."

"எப்படி இருக்குது?"

"உங்கள மாதிரிதான். நெத்தி அப்படியே."

அவள் தன் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அந்த நேரத்தில்தான் படியில் தடதடவென்று செருப்புச் சத்தம் கேட்டது.

வந்தவனுக்கு முப்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். கையில் போன். கம்பெனி யூனிபார்ம். கண் சிவந்திருந்தது. வெப்சைட்டின் அடியில் 'பழுது இருந்தால் தொடர்புகொள்ள' என்று என் விலாசத்தைப் பெருமையாகப் போட்டு வைத்திருக்கிறேனே, அதைப் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறான்.

"இங்க யாருங்க இந்தத் தேடல்..." என்று ஆரம்பித்தவன், நாற்காலியில் இருந்தவளைப் பார்த்தான். "எம்மா? நீ இன்னா பண்ற இங்க?"

சின்னப்பாப்பா எழுந்து நின்றாள். மஞ்சள் பை கீழே விழுந்தது.

அவன் முகம் உடனே இளகிவிட்டது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "நீயும் தேடிக்கினு வந்துட்டியா? சொன்னா நான் கூட்டிக்கினு வந்திருக்க மாட்டேனா? அழுவாத. அழுவாதன்றேன்ல?" என்று அவள் தோளைப் பிடித்து உட்கார வைத்தான். பிறகு என் பக்கம் திரும்பினான். "மேடம், இப்ப வர்ற வழியில ஒரு மெசேஜ் வந்துக்குது. கோளாறாம். யார ஏமாத்தறீங்க?"

"கோளாறுதான் தம்பி. என் தப்பு. நம்பர் மாறிப் போச்சு."

"கோளாறுன்னா அந்த ஆளு ஏன் மேடம் ஒத்துக்கணும்?"

எனக்குப் புரியவில்லை. "யாரு ஒத்துக்கிட்டது?"

"எங்கப்பாதான். நேத்துத் தெருவுல கூட்டிக்கினு போயிக் கேட்டேன். அஞ்சு நிமிசம் ஊமை மாதிரி நின்னாரு. அப்புறம் 'ஆமாண்டா, அது எம்பொண்ணுதான்'னு வாயாலயே சொல்லிட்டாரு. உங்கம்மாகிட்ட இதப்பத்தி ஒரு வார்த்த கேக்கக் கூடாதுன்னு என் கையப் புடிச்சு சத்தியம் வேற வாங்கறாரு. வெக்கமே இல்லாம!"

சின்னப்பாப்பாவைப் பார்த்தேன். அவள் அழுகை நின்றிருந்தது. வாய் திறந்தபடி மகனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாடா சொன்னாரு?"

"எம்பொண்ணுன்னு சொன்னாரு. நீ கவலப்படாத. காலையில நீ வெளிய போனதுமே அந்த ஆளு துணிமணியெல்லாம் ஒரு பையில போட்டு வெளிய வச்சுட்டேன். இனிமே நம்ம வூட்டு வாசப்படிய மிதிக்கக் கூடாதுன்னுட்டேன். பேசாம எடுத்துக்கினு போயிட்டாரு. செஞ்ச தப்பு, வாயத் தொறக்க முடியுமா?"

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்ததைக் கேள்விப்பட்டிருக்கிறேன். நான் பிடித்தது அதைவிடப் பெரிசு. ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயெடுத்தேன். சின்னப்பாப்பா என் கையைப் பிடித்து அமுக்கினாள்.

"எழிலு."

"சொல்லு."

"அது உங்கப்பா பொண்ணு இல்லடா. எம்பொண்ணு."

அவன் முதலில் சிரித்தான். அவளுக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று நினைத்திருப்பான். என்னைப் பார்த்தான். நான் தலையைக் குனிந்துகொண்டேன், அதிலேயே அவனுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

"எப்ப?"

"அவரக் கட்டறதுக்கு முந்தி. எனக்கு அப்ப பத்தொம்பது வயசு. புள்ளய ஒரு ராத்திரிகூட எங்கிட்ட வுடல. யாருன்னு கேக்காத, அந்த ஆளு செத்து மண்ணாப் பூட்டான்."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியாதுன்னுதான்டா இவ்ளோ நாளு நெனச்சிருந்தேன்."

பிறகு அவன் கேட்ட கேள்வியை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன்.

"நேத்து நான் அவர அவ்ளோ கேட்டனே. நாக்கப் புடுங்கிக்கற மாதிரி கேட்டனே. நீ அடுப்பாண்ட நின்னுக்கினுதானே இருந்த?"

"ஆமா."

"கேட்டுக்கினுதானே இருந்த?"

"ஆமாண்டா."

அவன் போனைச் சட்டைப் பையில் போட்டான். படியைப் பார்த்து நடந்தான். "எழிலு, எழிலு" என்று அவள் கூப்பிட்டது காதில் விழாமல் இருந்திருக்காது. கீழே பைக் கிளம்பியது. அப்பாவைத் தேடிப் போகிறானா, வேலைக்குப் போகிறானா, எங்கேயாவது போய்க் குடிக்கப் போகிறானா, எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது. அன்றைக்கு என்மேலேயே அவ்வளவு கோபம், ஒரு வார்த்தை வரவில்லை. சின்னப்பாப்பா குனிந்து பையை எடுத்தாள். அதற்குள்ளிருந்து ஒரு சின்னப் பர்ஸ், பர்ஸுக்குள்ளிருந்து நாலாக மடித்த ஒரு சீட்டு. அதில் ஒரு நம்பர் எழுதியிருந்தது. மண்டபத்தில் வாட்ச்மேனுக்குக் கொடுத்திருக்கிற பட்டன் போனின் நம்பர்.

"இதுக்குப் போட்டுக் குடும்மா."

போட்டுக் கொடுத்தேன். என் போனை எப்படிப் பிடிப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. மேசைமேல் வைத்து ஸ்பீக்கரை அமுக்கினேன். ஐந்தாறு முறை மணி அடித்த பிறகு எடுத்தார். பின்னால் பஸ் ஹாரனும், யாரோ விலை கூவுகிற சத்தமும்.

"யாரு?"

"நான்தாங்க."

"எங்கேர்ந்து பேசற? சாப்டியா?"

"பையன்கிட்ட சொல்லிட்டேங்க."

அந்தப் பக்கம் ஹாரன் சத்தம்தான் வந்துகொண்டிருந்தது. கட் ஆகிவிட்டதோ என்று திரையைப் பார்த்தேன். ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"ஏன் சொன்ன?" என்றார் கடைசியில். "நான்தான் முடிச்சு வுட்டேனே."

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"பரிசம் போட்ட அன்னிக்கே உங்க பெரியம்மா சொல்லிச்சு. இஷ்டம்னா கட்டு, இல்லன்னா இப்பவே சொல்லிடுன்னுச்சு. நீயா ஒரு நாளு சொல்லுவன்னு பார்த்தேன். சொல்லல. அப்புறம் நானாக் கேட்டா உனக்கு ஒரு மாதிரி இருக்கும்னு வுட்டுட்டேன்."

சின்னப்பாப்பா மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். நான்தான் குறுக்கே போனேன். "ஐயா, நான் இங்க வெப்சைட் பாக்கறவ. அந்தப் பொண்ணு ஊர்லதான் இருக்கு. நாளைக்கு விடியக்காத்தால கிளம்பிடும்."

"ஊர்லயா இருக்கு?"

"ஆமாங்க."

"தனியாவா வந்திருக்கு?"

"தனியாத்தான்."

"அப்ப மத்தியானம் சோத்துக்கு வூட்டுக்குக் கூட்டிக்கினு வாங்க. பையன் கத்துனா கத்தட்டும், நான் பார்த்துக்கறேன். மார்க்கெட்டாண்டதான் நிக்கிறேன் நானு." சத்தத்துக்கு நடுவில் அவர் யாரிடமோ ஏதோ விலை கேட்டார். பிறகு போனில் திரும்ப வந்தார். "ஏ சின்னப்பாப்பா. அந்தப் புள்ள மீனு தின்னுமா?"

நாற்பத்தொரு வயது மகளைப் பற்றி அவளிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி அது. போனைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"மீனு தின்னுமான்னு கேக்குறாரு" என்றாள். "எனக்கு எப்டிம்மா தெரியும்?"